வேலிடேஷனுக்கு தமிழ்ல என்ன? செல்லுமா செல்லாதா கதை

போன வாரம் மலேசியாவுல சுங்கை சிப்புட்ல ஒரு ஒட்டுக்கடையில தே தாரிக் குடிச்சிக்கிட்டு இருக்கறப்ப சித்தி மகன் போன நீட்டினான். "அண்ணே, டிஜிட்டல் கலெக்டிபிளுக்கெல்லாம், அதான் படத்த பிளாக்செயின்ல பதிஞ்சு வாங்கி விக்கறானுங்களே அந்த என்எஃப்டிக்கெல்லாம், மியூசியம், கேலரிக்காரங்க வேலிடேஷன் வேணுமா வேணாமான்னு இதுல அடிச்சிக்கிறானுங்க. வேலிடேஷனுக்கு தமிழ்ல என்னண்ணே?" நான் யோசிக்காம அங்கீகாரம்டான்னு சொல்லிட்டு ரொட்டி சானாய பிச்சிக்கிட்டு இருந்தேன். பக்கத்து மேசையில கிராணி தாத்தா, முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்து ஆபீஸ்ல செக்ரோல், அதாவது ஆளுங்க வேலை சம்பள கணக்கு, எழுதுனவரு, பேப்பர்ல இருந்து தலைய தூக்காமலே கேட்டாரு: "அங்கீகாரம்னா, யாரு குடுக்கறது?" எங்கிட்ட பதில் இல்ல. அன்னைக்கு ராத்திரி அந்த சொல்ல நோண்ட ஆரம்பிச்சேன், அதத்தான் இங்க எழுதறேன்.

வேலிடேஷன் லத்தீன்ல இருந்து வந்த சொல்லு. வலேரேன்னா பலமா இருக்கறது, பெறுமானம் உள்ளதா இருக்கறது. அதுல இருந்து வலிதுஸ், பலமானதுன்னு அர்த்தம். வேலிட், இன்வேலிட், வேல்யூ, ஏன் பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரில படிச்ச வேலன்சி வரைக்கும் எல்லாம் ஒரே வேர்ல மொளைச்சது தான். அதனால இங்கிலீஷ்காரன் வேலிடேஷன்னு சொல்றப்ப சரியா இருக்கா, பெறுமானம் இருக்கா, பெரியவங்க ஒத்துக்கிட்டாங்களா, மூணும் ஒரே சட்டியில கொதிக்குது. சண்டையே இங்க இருந்து தான் வருது, ஏன்னா ஒருத்தன் ஒரு அர்த்தத்துல பேசறான் இன்னொருத்தன் வேற அர்த்தத்துல பதில் சொல்றான், ரெண்டு பேரும் ஜெயிச்சிட்டதா நெனச்சிக்கிறான்.

நமக்கு அன்றாடம் பழக்கமான வேலிடேஷன் ஈப்போ ஷாப்பிங் மால்ல இருக்கு. சாப்பிட்டு முடிச்சதும் கவுண்டர்ல பார்க்கிங் டிக்கெட்ட நீட்டினா வேலிடேட் பண்ணி குடுப்பாங்க. சாப்பாடு நல்லா இருந்துச்சான்னு அந்த மிஷினுக்கு கவலை இல்ல. பிளாக்செயின்ல, அதாவது பல கம்ப்யூட்டர்ல ஒரே மாதிரி இருக்கற பொது கணக்குப் புத்தகத்துல, நடக்கறதும் கிட்டத்தட்ட அதேதான். 2022 செப்டம்பர் 15ல இத்தீரியம்ங்கற பிளாக்செயின் பழைய மைனிங் முறைய விட்டுட்டு வேற முறைக்கு மாறுச்சு, அதுல இருந்து கணக்கு சரிபாக்கற ஆளுக்கு பேரே வேலிடேட்டர் தான், அந்த வேலைக்கு அதோட காசுல 32 ஈதர் அடமானமா கட்டணும். இந்த டோக்கன், அதாவது செயின்ல பதிஞ்ச சீட்டு, இன்னாரு கையில இருந்து இன்னாரு கைக்கு போச்சு, ஒரே பொருள ரெண்டு தடவ விக்கல, இத சரிபாக்கறது தான் வேலை. படம் அழகா, அத போட்டவன் தான் வரைஞ்சவனா, அந்த மிஷினுக்கு தெரியாது. 2022 ஜனவரில என்எஃப்டி விக்கற ஆன்லைன் சந்தை ஓப்பன்சீயே சொல்லிச்சு, அவங்களோட இலவச கருவில உருவாக்குனதுல 80 சதவீதத்துக்கு மேல திருட்டு, போலி, குப்பைன்னு. அதுல வித்து செயின்ல ஏறுனதெல்லாம் அங்க வேலிட் தான்.

இத கிராணி தாத்தாகிட்ட சொன்னப்ப அவரு சிரிச்சாரு. "அது நம்ம பால் ஸ்டோர் மாதிரி தான்டா" ன்னாரு. ரப்பர் மரத்த வெட்டி முடிச்சு பால தூக்கிட்டு ஸ்டோருக்கு வந்தா அங்க மெட்ரோலாக்க முக்கி பாப்பாங்களாம், கண்ணாடி குழாய் மாதிரி ஒரு கருவி, பால்ல மிதக்கும், அது எவ்வளவு ஆழம் முங்குதுன்னு வச்சு கித்தா சத்து, அதாவது ரப்பர், எவ்வளவுன்னு சொல்லிடலாம். எவனாச்சும் தண்ணி ஊத்தியிருந்தா அங்கேயே மாட்டிக்குவான். ஆனா கித்தா வெலைய மெட்ரோலாக் சொல்லாது, அது எங்கயோ இருக்கற மார்க்கெட்டுல முடிவாகும். அப்புறம் பொகை போட்ட ஷீட்ட தரம் பிரிக்கறது இருக்கே, அது கண்ணாலயே பாக்கறது. வெளிச்சத்துல தூக்கி புடிச்சு குமிழ் இருக்கா, பூஞ்சை இருக்கா, தூசி இருக்கான்னு பாத்து 1ல இருந்து 5 வரைக்கும் நம்பர் போடுவாங்க. அதுக்கு பழகுன கண்ணு வேணும், அந்த கண்ண வியாபாரிங்க நம்பணும். 1965ல எஸ்எம்ஆர்னு மலேசிய தரக் கித்தா வந்தப்பதான் லேப்ல டெஸ்ட் பண்ணி அழுக்கு எவ்வளவு சதவீதம்னு எழுதி விக்க ஆரம்பிச்சாங்க. ஒரே பொருளுக்கு மூணு விதமா வேலிடேஷன், மூணுக்கும் மூணு ஆளு.

சரி, தமிழுக்கு வருவோம். நான் சொன்ன அங்கீகாரம் வடமொழி. அங்கம்னா உடம்போட ஒரு உறுப்பு. அங்கீகாரம்னா தன்னோட அங்கமா ஆக்கிக்கிறது. எனக்கு இந்த அர்த்தம் ரொம்ப புடிச்சிருந்துச்சு, ஏன்னா மியூசியம் பண்றதே அதுதான், வெளிய இருக்கறத உள்ள இழுத்து தன் கை கால் மாதிரி ஆக்கிக்கும். 2023 பிப்ரவரில பாரிஸ்ல இருக்கற பொம்பிடு மியூசியம் 18 என்எஃப்டிகள தன்னோட சேகரிப்புல சேத்துக்குச்சு. ஃபோட்டோகிராஃபிக்கு இது நடக்க எவ்வளவு நாள் ஆச்சு தெரியுமா? 1839ல ஃபோட்டோ கண்டுபுடிச்சத உலகத்துக்கு அறிவிச்சாங்க, நியூயார்க் நவீன கலை மியூசியம் ஃபோட்டோவுக்குன்னு தனி டிபார்ட்மென்ட் ஆரம்பிச்சது 1940ல. நூறு வருஷம். அந்த நூறு வருஷமும் ஜனங்க மியூசியத்த கேட்டா கல்யாண ஃபோட்டோ புடிச்சாங்க?

அங்கீகாரத்துக்கு பதிலா ஏற்புன்னு எழுதறாங்க, ஒப்புதல்னு எழுதறாங்க, கம்ப்யூட்டர் புத்தகத்துல சரிபார்ப்பு. எல்லாம் சரிதான். ஆனா எனக்கு தோணுன நல்ல தமிழ் நம்ம வாயிலயே தெனமும் இருக்கு: செல்லும், செல்லாது. "இந்த நோட்டு செல்லுமா?" "அந்த பாஸ் இனிமே செல்லாது." செல்லாக்காசு. அதுல இருந்து தான் செல்லுபடி. செல்வாக்குன்னு சொல்றோமே, அதுவும் செல் சேர்ந்த வாக்கு, அதாவது ஒருத்தர் சொன்ன சொல்லு போய் எடுபடறது. லத்தீன்காரன் பலமா இருக்கான்னு கேட்டான், நம்மாளு போகுமான்னு கேட்டான். போகுமான்னு கேட்டா உடனே அடுத்த கேள்வி தானா வந்துடும்: எங்க?

கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ரால டெலி பக்கத்து தோட்டங்கள்ல 1800களோட கடைசில கூலிக்கு காசுக்கு பதிலா தோட்டமே அடிச்ச டோக்கன் குடுத்திருக்காங்க. தோட்டத்து கடையில குடுத்தா அரிசி கருவாடு கிடைக்கும், தோட்டத்து வாசல தாண்டுனா செல்லாது. சம்பாதிச்சத அங்கயே செலவு பண்ண வைக்கற வேலை அது, டோக்கன்ங்கற சொல்ல கேட்டாலே எனக்கு வயிறு கலங்கறதுக்கு அதுதான் காரணம். வேடிக்கை என்னன்னா அதே டோக்கன இன்னைக்கு நாணயம் சேக்கறவங்க நல்ல வெலை குடுத்து வாங்கறாங்க. அன்னைக்கு செல்லாத இடத்துல இன்னைக்கு செல்லுது. இதுக்கு எந்த ஆர்ட் கேலரியும் கையெழுத்து போடல. தபால் தலையும் அப்படித்தான், 1840ல பென்னி பிளாக் வந்ததுல இருந்து தபால் தலை சேக்கறவங்க தங்களுக்குள்ளயே கேட்டலாக் போட்டு, போலிய கண்டுபுடிக்க ஆளு வச்சு, வெலை சொல்லி நடத்திக்கிட்டு வராங்க.

அதனால கேள்விய தமிழ்ல மாத்தி கேட்டா பாதி சண்ட தீந்துடும். டிஜிட்டல் கலெக்டிபிள் கலைக்காரங்க கடையிலயும் செல்லணுமா? சேக்கற ஆசைக்கு தேவையில்ல. கிரிப்டோபங்க்ஸ்னு 10,000 குட்டி மூஞ்சி, 2017ல வந்தப்ப பெரும்பாலானத கேட்டவனுக்கெல்லாம் சும்மா குடுத்தாங்க, அது பெருசானது அதோட கூட்டத்தால தான். ஆனா "இது கலை" ன்னு சொல்லி அந்த பேர்ல வெலை கேட்டா அப்ப அந்த கடை வாசல்ல போய் நின்னு தான் ஆகணும், இதுல வீம்பு வேலைக்காகாது லா. கேட்கீப்பரே வேணாம்னு கத்துன கூட்டமே 2021 மார்ச் 11ல என்ன கொண்டாடுச்சு? பீப்பிள்ங்கற டிஜிட்டல் ஓவியரோட 5000 நாள் படத்த கிறிஸ்டீஸ் ஏலத்துல 100 டாலர்ல ஆரம்பிச்சு 6 கோடியே 93 லட்சம் டாலருக்கு வித்தாங்க, வாங்குனவரு விக்னேஷ் சுந்தரேசன், நம்ம தமிழாளு. வாங்குன பிறகு அவரும் அவரு கூட்டாளி ஆனந்த் வெங்கடேஸ்வரனும் சொன்ன காரணம் எனக்கு ஞாயமா பட்டுச்சு, இந்தியர்களும் வெள்ளைக்காரங்க அல்லாதவங்களும் கலைக்கு புரவலரா இருக்கலாம்னு காட்டத்தான்னாங்க. சந்தோஷம். ஆனா அத காட்ட ஏறுன மேடை 1766ல ஆரம்பிச்ச லண்டன் ஏலக்காரனோடது, அதையும் மறக்கக்கூடாது.

கலைக்காரங்க பக்கமும் ரொம்ப சுத்தம்னு நெனச்சிடாதீங்க. 2019ல மௌரிசியோ கத்தெலான்ங்கற இத்தாலிய கலைஞர் ஒரு வாழப்பழத்த டேப் போட்டு சுவத்துல ஒட்டுனாரு, 1,20,000 டாலர். அத வாங்குனவங்களுக்கு கிடைச்சது என்னன்னா ஒரு சான்றிதழும் எப்படி ஒட்டறதுங்கற குறிப்பும் தான், பழம் அழுகுனா நீங்களே புதுசு வாங்கிக்கணும். 2024 நவம்பர்ல அதுல ஒன்னு சோத்பீஸ் ஏலத்துல 62 லட்சம் டாலருக்கு போச்சு, வாங்குனது ஒரு கிரிப்டோ பணக்காரரு. பேப்பர விக்கறதுல யாரு யாருக்கு குருன்னு தெரியல.

சரிபார்ப்பு வேற, ஏற்பு வேறங்கறத நம்மாளுங்க மதுரையிலயே பேசி முடிச்சிட்டாங்க. தருமி கொண்டு வந்த பாட்டு சிவனே எழுதிக் குடுத்தது, இதவிட கெட்டியான மூலச்சான்று எந்த செயின்லயும் வராது, ராஜாவும் ஆயிரம் பொன்ன குடுக்க ரெடி. நக்கீரர் எழுந்து பொருள்ல குத்தம்னு நின்னாரு, நெற்றிக்கண்ண காட்டினாலும் குத்தம் குத்தம்தான்னுட்டாரு. எழுதுனவன் யாருங்கறது அவருக்கு பெருசா படல, எழுதுனது சரியான்னு தான் பாத்தாரு.

மதிப்புங்கறது இன்னும் வேற. மதிக்கறதுன்னா நமக்கு மரியாதையும் உண்டு, வெலை போடறதும் உண்டு, நல்ல சொல்லு ஆனா ஆபத்தான சொல்லு, ஒன்ன காட்டி இன்னொன்ன வித்துடலாம். 2021ல ட்விட்டர ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ஜாக் டோர்சியோட முதல் ட்வீட்ட 29 லட்சம் டாலருக்கு வாங்குனவரு அப்ப மலேசியாவுல இருந்து தொழில் பண்ணிக்கிட்டு இருந்தவரு, சினா எஸ்தாவி. அடுத்த வருஷம் ஏப்ரல்ல 4 கோடியே 80 லட்சம் டாலர் கேட்டு விக்க போட்டாரு. முதல்ல வாங்க வந்தவங்க கேட்ட வெலையெல்லாம் 300 டாலர தாண்டல. செயின் சரிபார்ப்புல ஒரு குறையும் இல்ல, டோக்கன் கணக்கா அவரு பேர்லயே இருந்துச்சு.

சித்தி மகனும் அந்த 2021 சூட்டுல ஒன்னு வித்தவன் தான். பால் மரம், அதுல கட்டுன பால் புடிக்கற மங்கு, பின்னால விடியற்காலை பனி, தலையில லைட்டு கட்டுன ஒரு அம்மா, எங்க பாட்டி ஜாடை. 0.05 ஈதருக்கு யாரோ முகம் தெரியாத ஆளு வாங்கினான், அன்னைய ரேட்டுக்கு எழுநூறு மலேசிய வெள்ளி கிட்ட. ஒட்டுக்கடையில அன்னைக்கு பேச்சு முத்தி அவன் அந்த படத்த கிராணி தாத்தாகிட்ட காட்டினான். தாத்தா கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு போன மூக்குக்கிட்ட வச்சு ரொம்ப நேரம் பாத்தாரு. நல்லா இருக்கும்பாருன்னு நானும் காத்துக்கிட்டு இருந்தேன்.

"வெட்டு திரும்பி இருக்குடா" ன்னாரு. "இடது பக்கம் மேல ஆரம்பிச்சு வலது பக்கம் கீழ எறங்கணும். பட்டைக்குள்ள பால் குழாய் சாஞ்சு ஓடுது, அப்படி வெட்டுனா தான் நெறைய குழாய் அறுபடும். நீ போட்ட மாதிரி வெட்டுனா மண்டோர் அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவான். உன் பாட்டி இப்படி வெட்ட மாட்டா."

பய மொகம் செத்துப் போச்சு. ஆனா அன்னைக்கு ராத்திரியே ஒக்காந்து வெட்ட திருத்தி புதுசா வரைஞ்சிட்டான். திருத்துனத திரும்ப மின்ட் பண்ண, அதாவது செயின்ல ஏத்த, அவனுக்கு மனசு வரல. சித்தி அத டவுன்ல பிரிண்ட் போட்டு ஃப்ரேம் மாட்டி ஹால்ல பாட்டி ஃபோட்டோ பக்கத்துல தொங்க விட்டிருக்காங்க. தப்பு வெட்டு போட்டது இன்னும் செயின்ல தான் இருக்கு, யாரோட வாலட்லயோ, நூத்துக்கு நூறு வேலிட்டா.