எலாஸ்டிக்: இழுபடுவதா, மீள்வதா?

எலாஸ்டிக் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது துணியில் வைத்துத் தைக்கிற பட்டைதான். இழுத்தால் நீளும், அதனால் எலாஸ்டிக் என்றால் 'இழுபடுவது' என்றே பலர் மனதில் பதிந்துவிட்டது. இயற்பியல்காரர்களுக்கு நீள்வது பெரிய விஷயமில்லை, விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறதா என்பதுதான் கேள்வி. பந்து ஏன் எழும்புகிறது என்பதும் அங்கேதான் தொடங்குகிறது.

சொல்லின் வேர் கிரேக்கம். ஓட்டு, முன்னே செலுத்து என்று பொருள்படும் ஒரு வினைச்சொல். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் இது அறிஞர்களின் லத்தீனுக்குள் நுழைந்தபோது ரப்பருக்குச் சொல்லப்படவில்லை; அடைபட்ட காற்று விரிந்து எதையும் வெளியே தள்ளப் பார்க்கிறதே, அந்தக் குணத்துக்குத்தான் சொன்னார்கள். ராபர்ட் பாயில் 1660இல் காற்றின் 'ஸ்பிரிங்' பற்றி எழுதியதும் இதையேதான். 1678இல் ராபர்ட் ஹூக், விசை எவ்வளவோ நீட்சியும் அவ்வளவு என்ற விதியை விளக்கி வெளியிட்டார். தள்ளுவதில் தொடங்கிய சொல் மீள்வதற்கு வந்து, பேச்சில் இழுபடுவதாகிவிட்டது.

தமிழில் நமக்கு இந்தச் சுற்றெல்லாம் இல்லை. மீள் என்ற வினையிலிருந்து மீட்சி. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மீட்சி, மீட்சித்தன்மை என்று இருக்கும், இலங்கையில் மீள்தன்மை என்பார்கள். இரண்டும் ஒரே வேர், எதைப் போட்டாலும் சரி. கிரேக்கச் சொல்லைவிட நம் சொல் விஷயத்தை நேராகச் சொல்கிறது என்பது என் கட்சி.

ஆனால் சிலர் 'நெகிழ்ச்சி' என்று எழுதுகிறார்கள், அது எனக்கு உடன்பாடில்லை. நெகிழ்தல் என்றால் இளகுதல், தளர்தல். மனம் நெகிழ்ந்தது என்கிறோம், பிடி நெகிழ்ந்தது என்கிறோம். நெகிழ்ந்தது திரும்பவும் பழையபடி ஆகும் என்ற பொருள் அதில் எங்கேயும் இல்லை. பிளாஸ்டிக்கை நெகிழி என்பது அதனால்தான் பொருந்துகிறது, பிளாஸ்டிக் என்ற சொல்லின் மூலமும் பிசைந்து உருவாக்குவது என்பதுதான். இயற்பியலில் பிளாஸ்டிக் குணமும் (மாறிய வடிவத்திலேயே நின்றுவிடுவது) எலாஸ்டிக் குணமும் எதிரெதிர், இரண்டுக்கும் நெகிழ் என்றே போட்டால் படிக்கிற பிள்ளை என்ன செய்யும்?

சரி, பந்துக்கு வருவோம். தரையில் படும் கணத்தில் பந்தின் அடிப்பக்கம் தட்டையாகிறது. டென்னிஸ் பந்து தரையைத் தொட்டுக்கொண்டிருப்பதே சில மில்லிவினாடிதான், அதற்குள் வேகம் குறைந்து, நின்று, திசை மாறிவிடுகிறது. இறங்கி வந்த இயக்க ஆற்றலில் பெரும்பகுதி நசுங்கிய ரப்பரிலும் உள்ளே அழுந்திய காற்றிலும் சேர்ந்துகொள்கிறது. பந்து உருண்டை வடிவத்துக்கு மீளும்போது தரையை அழுத்துகிறது, தரை அதே அளவு விசையோடு பந்தை மேலே தள்ளுகிறது. களிமண் உருண்டை தட்டையானதோடு சரி, மீள்வதற்கு அதில் ஒன்றுமில்லை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். வடிவம் முழுக்க மீண்டாலும் ஆற்றல் முழுக்க மீளாது. மெத்தைகளில் வருகிற மெமரி ஃபோமை அழுத்திவிட்டுப் பாருங்கள், மெல்ல மெல்லப் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். அதில் உருண்டை செய்து போட்டால் எழும்பவே எழும்பாது. ஆற்றல் உள்ளுக்குள் உராய்ந்து வெப்பமாகிவிட்டது. ஸ்குவாஷ் ஆடுகிறவர்கள் ஆட்டத்துக்கு முன் பந்தை அடித்து அடித்துச் சூடேற்றுவார்கள், அந்தச் சூடு இப்படி வந்ததுதான். சூடானால்தான் அது ஓரளவாவது எழும்பும்.

அதனால்தான் எழும்புவதை அளக்க வேறு சொல் வேண்டியிருக்கிறது: மீளமைவுக் குணகம். மோதிய பின் விலகும் வேகத்தை, மோதும் முன் நெருங்கிய வேகத்தால் வகுத்தால் வருவது. ஒன்று என்றால் இழப்பே இல்லை, சுழி என்றால் களிமண். நியூட்டன் 1687இலேயே இதை அளந்து எழுதியிருக்கிறார்: இறுக்கிச் சுற்றிய கம்பளி உருண்டைக்கு 9க்கு 5, கண்ணாடி உருண்டைக்கு 16க்கு 15. கண்ணுக்குத் தெரிய இழுபடாத கண்ணாடி கம்பளியைத் தூக்கிச் சாப்பிடுகிறது!

வீட்டில் அளக்க வேகமானி எல்லாம் வேண்டாம். எழும்பிய உயரத்தைப் போட்ட உயரத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் போதும். வழக்கமான டென்னிஸ் பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து கடினமான தரையில் விட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும் என்பது சர்வதேச விதி. கணக்குப் போட்டால் 0.73 முதல் 0.76 வரை வரும். ஆற்றல் கணக்கில் கிட்டத்தட்ட பாதி போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் ஒன்று, இந்த எண் பந்துக்கு மட்டும் உரியதல்ல, தரைக்கும் சேர்த்துத்தான். அதே பந்தை மணலில் போட்டால் எண் மாறிவிடும், ஆகவே 'இந்தப் பந்தின் மீளமைவுக் குணகம்' என்று மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும், எதன்மேல் மோதியது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.