பாராளுமன்றம் முடிவெடுக்கட்டும் என்று காத்திருந்தவர்கள்

லண்டனில் குடிவரவுச் சட்டத்தரணியாக வேலை செய்கிறேன். 2021 ஜூலை முதல் வாரத்தில் ஒரு அம்மா அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு கடைப்பை. அதற்குள் கவுன்சில் வரிக் கடிதங்கள், கேஸ் பில்கள், சம்பளத் துண்டுகள், நடுவில் ஒரு பிரெஞ்சுக் கடவுச்சீட்டு. யாழ்ப்பாணத்திலிருந்து பாரிஸ் போய், அங்கே குடியுரிமை எடுத்து, பிள்ளைகளின் படிப்புக்காக 2012இல் ஹரோவுக்கு வந்த குடும்பம்.

பிரெக்சிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரித்தானியா விலகியதன் பிறகு, ஒன்றிய நாட்டவர்கள் இங்கே தொடர்ந்து வாழ 'செட்டில்ட் ஸ்டேட்டஸ்' என்ற நிரந்தர வதிவிட உரிமையை எடுத்திருக்க வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜூன் 30. அம்மா ஆறு நாள் பிந்திவிட்டார்.

ஏன் முன்பே வரவில்லை என்று கேட்டேன். "இது நடவாது பிள்ளை, திரும்ப ஒருக்கா வோட்டு வைப்பினம் எண்டுதானே எல்லாரும் சொன்னவை. பிறகு கொரோனா வந்திட்டுது" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடக்காது என்று நம்ப அன்று காரணங்கள் நிறையவே இருந்தன.

2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் விலகச் சொன்னவர்கள் 51.9 சதவீதம், இருக்கச் சொன்னவர்கள் 48.1 சதவீதம். இங்கிலாந்தும் வேல்ஸும் விலகும் பக்கம். ஸ்கொட்லாந்தில் 62 சதவீதமும் லண்டனில் ஏறத்தாழ 60 சதவீதமும் இருக்கும் பக்கம். கட்சிக்கும் கட்சிக்கும் இடையிலான பிளவு என்றால் ஒரு தேர்தலில் தீர்ந்திருக்கும். இதுவோ ஒவ்வொரு கட்சியின் உள்ளேயும் இருந்தது. 2019 ஜனவரி 15இல் பிரதமர் தெரேசா மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தம் பாராளுமன்றத்தில் 432க்கு 202 என்று தோற்றபோது, எதிர்த்தவர்களில் 118 பேர் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள். தொழிற்கட்சியும் நிம்மதியாக இருக்கவில்லை. அதன் உறுப்பினர்களில் பெரும்பாலானோர் ஒன்றியத்தில் இருக்க விரும்பினார்கள். அதற்குப் பரம்பரையாக வாக்களித்த வட இங்கிலாந்துத் தொகுதிகள் பல விலகச் சொல்லியிருந்தன. அந்த மார்ச் 27இல் எட்டு மாற்று வழிகளை வாக்குக்கு விட்டார்கள். ஒன்றுக்குக்கூடப் பெரும்பான்மை கிடைக்கவில்லை.

விலகும் நாள் முதலில் 2019 மார்ச் 29 என்றார்கள். பிறகு ஏப்ரல் 12, பிறகு ஒக்டோபர் 31. கடைசியில் 2020 ஜனவரி 31இல்தான் நடந்தது. என்னிடம் வந்த மக்களுக்கு இந்த மூன்று ஒத்திவைப்புகள் செய்த கெடுதல் பெரியது. பிரெக்சிட் என்றால் தள்ளிப்போகிற விஷயம் என்று மனதில் பதிந்துவிட்டது. செட்டில்ட் ஸ்டேட்டஸ் திட்டம் முழுமையாகத் திறந்ததோ 2019 மார்ச் 30இல், அதாவது விலகாமலே போன அந்த முதல் நாளுக்கு மறுநாள். மேலே கூச்சல், கீழே சத்தமில்லாமல் ஒரு கடைசி நாள் ஓடிக்கொண்டிருந்தது. அது மட்டும் தள்ளிப்போகவே இல்லை.

எங்கள் வீடுகளுக்குள்ளும் பிளவு இருந்தது. அந்த வாக்கெடுப்பில் இங்கே வசிக்கும் பொதுநலவாய நாட்டவர்களுக்கு வாக்கு இருந்தது. பெரும்பாலான ஐரோப்பிய நாட்டவர்களுக்கு இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அண்ணன் இலங்கைக் கடவுச்சீட்டோடு நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர், வாக்குப் போட்டார். தம்பி டச்சுக் குடியுரிமைக்காரர், போட முடியவில்லை. முடிவு யாருடைய வாழ்க்கையைத் தொடப்போகிறதோ அவர் வீட்டில் இருந்து தொலைக்காட்சியைத்தான் பார்த்தார்.

அண்ணன் விலகத்தான் வாக்களித்தார். அதில் அவருடைய மனக்குறை நியாயமானது. ஊரிலிருந்து மனைவியைக் கூப்பிட அவர் ஆண்டுக்கு 18,600 பவுண் வருமானம் காட்ட வேண்டியிருந்தது. ஐரோப்பியருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. விலகினால் எல்லோருக்கும் ஒரே சட்டம், நம்மவர்களுக்கும் கதவு திறக்கும் என்று பிரசாரத்தில் சொன்னார்கள், அவரும் நம்பினார். ஒரே சட்டம் வந்தது. 2024 ஏப்ரலில் அந்தத் தொகை 29,000 பவுண் ஆனது. தம்பியோடு இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது தனிக்கதை.

அரசியலில் யார் எந்தப் பக்கம் என்பது அவரவர் விருப்பம். என் கவலை எல்லாம் கையில் இருக்க வேண்டிய உரிமையைப் பற்றியதுதான். பிந்திப்போனவர்கள் இன்றும் விண்ணப்பிக்கலாம், ஆனால் பிந்தியதற்கு நியாயமான காரணம் காட்ட வேண்டும்; 2023 ஓகஸ்ட்டுக்குப் பிறகு அதை மிகக் கடுமையாகப் பார்க்கிறார்கள். 'பிரீ-செட்டில்ட்' என்ற தற்காலிக உரிமையோடு இருப்பவர்களுக்கு உள்துறை அமைச்சு தானாகவே காலத்தை நீட்டுகிறது என்பது சரி. அதற்காக அப்படியே விட்டுவிடாதீர்கள். ஐந்து ஆண்டுத் தகுதி நிறைந்ததும் நிரந்தர உரிமைக்கு விண்ணப்பியுங்கள். பிள்ளைகள் தாய் தகப்பனின் விண்ணப்பத்துக்குள் அடங்கமாட்டார்கள், ஒவ்வொருவருக்கும் தனி விண்ணப்பம் வேண்டும். அப்புறம், இந்த விண்ணப்பத்துக்குக் கட்டணமே இல்லை. 65 பவுண் வாங்கத்தான் இருந்தார்கள். 2019 ஜனவரியில் தெரேசா மேயே அதை நீக்கினார். அரசுக் கட்டணம் என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த அம்மாவின் பைக்குத் திரும்புகிறேன். மேசையில் எல்லாவற்றையும் ஆண்டு வாரியாக அடுக்கினோம். 2014க்கு ஒரு கடிதமும் இல்லை. அடியில் கசங்கிக் கிடந்த கடைசி மகனின் பள்ளி அறிக்கையை எடுத்தபோதுதான், பதினேழு வயதான அவனுக்கும் யாரும் விண்ணப்பிக்கவில்லை என்பது தெரிந்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டோம். பதில் வர ஏழு மாதம் ஆனது. இருவருக்கும் கிடைத்தது.

இந்த உரிமைக்குக் காகிதம் கிடையாது, எல்லாம் இணையக் கணக்கில்தான். கடவுச்சீட்டு புதுப்பித்தால் புதிய எண்ணை அதில் சேர்க்க வேண்டும். விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டு என்னை அழைப்பவர்களில் பாதிப்பேர் இதைச் செய்யாதவர்கள். சென்ற வருடம் அந்த அம்மா அழைத்தார். "பிள்ளை, புதுப் பாஸ்போட் வந்திட்டுது. இன்னும் உறையைக்கூடப் பிரிக்கேல்லை. எப்ப கொண்டு வாறது?"

அன்று பின்னேரமே வரச் சொன்னேன்.