சொல் விளக்கம்: அச்சிரட்டையும் அடிச்சறுக்கலும்

காசில் உள்ள எழுத்தோ ஆண்டெண்ணோ உருவத்தின் விளிம்போ இருமுறை பதிந்ததுபோலத் தெரிவதை ஆங்கிலத்தில் 'டபுளிங்' என்பர்; தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதன் சாட்ஸ்வொர்த் பகுதியிலும் காசு சேர்க்கும் நம்மவர் பேச்சிலும் இச்சொல்லே வழங்குகிறது. இதற்கு நேரான தமிழ் இரட்டிப்பு. 'இரண்டு' என்பதன் அடியிலிருந்தே இரட்டை, இரட்டுதல், இரட்டித்தல் ஆகியவை பிறந்தன. தனிக்குறிலை அடுத்த மெய், உயிர் வரும்போது இரட்டும் என்னும் புணர்ச்சி விதியில் ('கல்' என்பது 'கல்லில்' ஆவது) வருவதும் இதே வினைதான். ஆயினும் இன்றைய வழக்கில் இரட்டிப்பு விலை, இரட்டிப்பு மகிழ்ச்சி என அளவின் பெருக்கமே முதலில் நினைவுக்கு வருகிறது. அதைவிடப் பெரிய குறை, விலைமதிப்புள்ள ஒரு பிழையையும் மதிப்பேதும் சேர்க்காத இன்னொரு பிழையையும் அது ஒன்றாக்கிவிடுகிறது. ஆகையால் இதை இரு சொற்களாகப் பிரித்து வழங்குவதே முறை என்பது என் உறுதியான கருத்து.

முதலாவது அச்சிரட்டை. உருவம் புடைத்து நிற்கும் எஃகுத் தாயச்சை அழுத்தியே காசடிக்கும் அச்சை உண்டாக்குவர். பழைய முறையில் ஒரே அழுத்தத்தில் உருவம் முழுமையாகப் பதியாது. அச்சைச் சூடேற்றி இளக்கி, மறுபடியும் அழுத்துவர். அந்த மறு அழுத்தம் இம்மியளவு விலகினாலும் அச்சிலேயே இரு பதிவுகள் நிலைத்துவிடும். பிறகு அந்த அச்சில் அடித்த காசு அனைத்தும் அதே இரட்டையைத் தாங்கி வரும். 1955ஆம் ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் அடித்த லிங்கன் ஒரு சென்ட் காசு இதற்குப் புகழ்பெற்ற சான்று. அதன் ஆண்டும் வாசகமும் வெறுங்கண்ணுக்கே இரண்டாகத் தெரியும். பின்பக்கம் பழுதின்றி இருப்பதால், பிழை முன்பக்க அச்சுக்கு உரியது என்பதும் விளங்கும்.

மற்றது அடிச்சறுக்கல். இதில் அச்சு பழுதற்றது. காசை அடிக்கும் நொடியில் பிடி தளர்ந்த அச்சு அசைந்து, அப்போதுதான் எழும்பிய எழுத்தின் ஓரத்தை நசுக்கி இழுத்துவிடுகிறது. இது காசுக்குக் காசு வேறுபடும். பத்து மடங்கு காட்டும் உருப்பெருக்கியில் நோக்கினால் வேற்றுமை தெளிவாகும்: அச்சிரட்டையில் இரு பதிவுகளும் உருண்டு உயர்ந்து நிற்கும், எழுத்து தடித்திருக்கும், அதன் முனைகளில் சிறு பிளவு காணப்படும், அடிச்சறுக்கலிலோ எழுத்தின் ஓரம் தட்டையான படியாகத் தாழ்ந்து, எழுத்தே மெலிந்திருக்கும்.

தென்னாப்பிரிக்காவில் 'இரட்டை' என்னும் சொல்லால் வேறொரு மயக்கமும் நேர்கிறது. 1892இல் பெர்லினில் அடித்த, அதிபர் பால் க்ரூகரின் உருவம் பொறித்த காசுகளில் போயர்களின் (டச்சு வழிவந்த குடியேறிகளின்) வண்டிக்கு ஓர் ஏர்க்காலுக்குப் பதிலாக இரண்டு வரைந்துவிட்டனர்; அவற்றை 'டபுள் ஷாஃப்ட்' என்று அழைப்பது இதனால்தான். இது வரைந்தவரின் பிழையே அன்றி இரட்டிப்பு அன்று. ஆகவே இரட்டை ஏர்க்கால் காசு என்று முழுமையாகச் சொல்வது நல்லது.

சேகரிப்போருக்கெனத் தனியாக அடிக்கும் 'ப்ரூஃப்' வகை க்ரூகர்ராண்ட் தங்கக்காசு போன்ற கண்ணாடிப் பரப்புள்ள காசில் மூன்றாவதாக ஒரு போலி இரட்டிப்பும் உண்டு. எழுத்தின் பக்கச் சுவர் அருகிலுள்ள பளபளப்பான தளத்தில் பிம்பமாக விழுந்து, இரண்டாம் எழுத்துப்போலத் தோன்றும். காசைச் சற்றே சாய்த்தால் பிம்பம் இடம் மாறும்; உண்மை இரட்டை மாறாது. ஒளிப்படத்தில் இந்த வேறுபாடு தெரிய வேண்டுமானால் முதலில் கூசொளியை, அதாவது 'கிளேர்' என்பதை, அடக்க வேண்டும். ஒளி விழும் கோணமும் தெறிக்கும் கோணமும் சமம். ஆதலால் விளக்கின் பிம்பம் கேமராவுக்கு நேரே வராதபடி விளக்கை நகர்த்தி, விளக்குக்கும் காசுக்கும் இடையில் வெள்ளைத்தாள் ஒன்றை நிறுத்தினால் போதும். ஃபிளாஷ் வேண்டாம். டர்பனில் நடுப்பகல் வெயில் வடக்கிலிருந்து வருவதால், தெற்கு நோக்கிய சன்னலோரத்தில் மென்மையான ஒளி கிடைக்கும். ஆனால் மென்மையான ஒளி மட்டும் இருந்தால் அடிச்சறுக்கலின் தட்டைப் படி மறைந்துபோகலாம். அதனால் ஒரு பக்கமிருந்து தாழ்வாக விழும் ஒளியிலும் ஒரு படம் எடுத்து, காசைக் கால் வட்டம் திருப்பி மறுபடியும் எடுக்க வேண்டும். லென்ஸின் முன் போலரைசர் வடிகட்டி மட்டும் மாட்டுவதால் பயன் குறைவு; நீரிலும் கண்ணாடியிலும் தெறிக்கும் ஒளியை அது தணிப்பதுபோல உலோகத்தில் தெறிப்பதைத் தணிப்பதில்லை.