அமெரிக்க ஃபுட்பால்ல ஒரு தவணைக் கணக்கு

"அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்ல மோசமா ஆடின டீமுக்குத்தானே டிராஃப்ட்ல முதல் சான்ஸ், அப்போ நல்லா ஆடுற டீம் மட்டும் எப்படிங்க வருஷா வருஷம் நல்லாவே இருக்கு?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். ரசிகர்கள்ட்ட கேட்டா, டீமுக்கு ஆள் எடுக்குற ஜெனரல் மேனேஜருக்குக் கைராசிம்பாங்க. எனக்கு இந்த ராசிப் பேச்சே ஆகாது.

டிராஃப்ட் தெரிஞ்சதுதான், 32 டீமும் 7 ரவுண்டு காலேஜ் பசங்கள எடுக்குறது. அதுல மட்டும் 53 பேர் டீம் கட்ட முடியாது. யாருமே சீண்டாத ஆளும் தேறுவான், கர்ட் வார்னர் சூப்பர் மார்க்கெட்ல சாமான் அடுக்கிட்டு இருந்தவர், 1999 சீசன்ல ராம்ஸுக்கு கோப்பை வாங்கிக் குடுத்தார். அதே ராம்ஸோட ஜெனரல் மேனேஜர் லெஸ் ஸ்னீட் 2017லேர்ந்து 2023 வரை முதல் ரவுண்டுல ஒருத்தரக்கூட எடுக்கல, ஸ்டாஃபோர்ட், ராம்சின்னு தயாரா இருக்குற ஆளுங்கள வாங்க அந்த சான்ஸ மத்த டீமுக்குக் குடுத்துட்டு 2022 பிப்ரவரில சூப்பர் பவுல், அதாவது ஃபைனல், ஜெயிச்சாங்க.

சரி, இத்தன பெரிய ஆளுங்களுக்கு சம்பளம்? அங்கதான் எனக்குப் பிடிச்ச இடம் வருது. 2025ல ஒரு டீமோட சம்பள உச்சவரம்பு 27.92 கோடி டாலர், தாண்டவே கூடாது. ஒருத்தருக்கு இந்த வருஷம் 3.1 கோடி தரணும்னு வைங்க. 10 லட்சத்த மட்டும் சம்பளமா வச்சிட்டு மீதி 3 கோடிய போனஸ்னு பேர் மாத்துவாங்க, பணம் அவர் கைக்கு இப்பவே போயிரும், ஆனா கணக்குல அத 5 வருஷத்துக்குப் பிரிச்சு எழுதலாம், வருஷத்துக்கு 60 லட்சம். ஆக இந்த வருஷக் கணக்குல 70 லட்சம்தான், 2.4 கோடி மிச்சம், அதுல இன்னொரு ஸ்டார வாங்கலாம்! ஒப்பந்தத்துல 2 வருஷம்தான் பாக்கியா? ஆடவே போறதில்லன்னு ரெண்டு தரப்புக்கும் தெரிஞ்ச 3 வருஷத்த பேப்பர்ல சேர்த்துக்குவாங்க. ஈகிள்ஸ் டீமோட ஜெனரல் மேனேஜர் ஹோவி ரோஸ்மேன் இதுல கில்லாடி. 2024ல ஜயன்ட்ஸ்லேர்ந்து சாக்வான் பார்க்லிய கூட்டிட்டு வந்தார், மனுஷன் அந்த சீசன்ல 2005 யார்டு ஓடினார், சூப்பர் பவுல்ல சீஃப்ஸ 40-22ன்னு அடிச்சாங்க.

தள்ளிப்போட்டா வலிக்காதான்னா, உச்சவரம்பு 1994ல வெறும் 3.46 கோடி, அது ஏற ஏற பழைய பாக்கி சின்னதாயிட்டே போகும். எப்பவும் ஏறும்னு நம்பினவங்களுக்கு 2021ல கோவிட் ஆப்பு வச்சுது, 19.82 கோடிலேர்ந்து 18.25 கோடிக்கு இறங்கிருச்சு. நடுவுல ஆள அனுப்பிட்டாலும் எழுதாம வச்ச பாக்கி மொத்தமா தலைல விழும், டெட் மணிம்பாங்க. டென்வர் டீம் 2024ல ரஸ்ஸல் வில்சன அனுப்பினப்போ 2 வருஷத்துல 8.5 கோடி அப்படி விழுந்துச்சு, அவர் பாட்டுக்கு பிட்ஸ்பர்க்ல ஆடிட்டு இருந்தார்.

வேடிக்கை என்னன்னா, அந்தச் சுமையோடவே டென்வர் அந்த சீசன்ல பிளேஆஃப், அதாவது நாக்அவுட் சுற்றுக்குப் போச்சு, ஏன்னா வில்சன் இடத்துல ஆடின போ நிக்ஸுக்கு 4 வருஷத்துக்கும் சேர்த்தே 2 கோடி கிடையாது. அவர் டிராஃப்ட்ல வந்த பையன்.