காரை அகன்ற பின் ஈறுக்குள் நடப்பது என்ன?

ஈறு நோய்க்காக ஆழமாகச் சுத்தம் செய்துகொண்ட வாசகர் ஒருவர், இரத்தக் கசிவு நின்றுவிட்டாலும் பற்களுக்கிடையே சந்து விழுந்து, பற்கள் நீண்டுவிட்டதுபோல் தெரிவதாகவும், சிகிச்சைதான் இதற்குக் காரணமா என்றும் கேட்டிருக்கிறார். சுத்தம் செய்தால் பல் ஆடத் தொடங்கிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் எச்சரிப்பதை நாம் அனைவரும் கேட்டிருப்போம் என்பதால், இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

பல்லில் படியும் பாக்டீரியாப் படலம் உமிழ்நீரின் தாது உப்புகளால் இறுகிக் காரையாகிறது என்பதும், அதை எதிர்க்கும் உடலின் அழற்சியே நாளடைவில் பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கிறது என்பதும் பலரும் அறிந்தவை. எலும்பு கரையக் கரைய, ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளம் ஆழமாகிறது. மில்லிமீட்டர் கோடுகள் பொறித்த மெல்லிய கம்பியை மருத்துவர் ஒவ்வொரு பல்லிலும் வெளிப்புறம் மூன்று, உட்புறம் மூன்று என ஆறு இடங்களில் மெதுவாக இறக்கி, எண்களைச் சொல்லிக் குறிக்கச் செய்வது இந்த ஆழத்தைத்தான். 3 வரை இருந்தால் கவலையில்லை. 5, 6 என்று வந்தால் ஆழ்சுத்தம் தேவைப்படும்.

ஈறு மரத்துப்போக ஊசி போட்ட பிறகு, நொடிக்கு 25,000 தடவைக்கும் மேல் அதிரும் கருவியின் முனையாலும், கையால் சுரண்டும் கியூரெட்டாலும் வேரில் ஒட்டிய காரையை அகற்றுகிறார்கள். ஈறுக்கு மேலே தெரியும் மஞ்சள் காரையைப் போலன்றி, உள்ளிருந்து வருவது இரத்த நிறமிகள் கலந்து கரும்பழுப்பாக, பல்லை இறுகப் பற்றியிருக்கும். வாசகர் காணும் இடைவெளியை இதுவரை அடைத்திருந்தது இந்தக் காரையும் வீங்கிய ஈறும்தான். காரை போய், வீக்கமும் வற்றியதும், பல ஆண்டுகளாக நடந்து முடிந்திருந்த எலும்பிழப்பு வெளியே தெரிகிறது. பழியோ, கடைசியாகக் கை வைத்த மருத்துவர்மீது விழுகிறது. இந்த நம்பிக்கையால் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுப் பல்லை இழந்தவர்களே மிகுதி என்பது என் கருத்து.

இனி நான் வியக்கும் பகுதிக்கு வருகிறேன். பல் எலும்பில் நேரடியாகப் பதிந்திருப்பதில்லை. வேரின் மேலுள்ள சிமென்டம் என்னும் உறையிலிருந்து எலும்புக்கு ஓடும் எண்ணற்ற நார்களில், கயிற்றுக் கட்டிலில் கிடக்கும் பாரம்போல, அது தொங்கிக்கொண்டிருக்கிறது. சுத்தம் செய்யப்பட்ட வேர்ப்பரப்பு வெறுமையாகக் கிடக்கும்போது, நார்த்திசுச் செல்களும் எலும்புச் செல்களும் அங்கே வந்து சேர்ந்தால் பழைய பிடிப்பு திரும்பக்கூடும். ஆனால் ஈற்றின் மேற்பரப்பிலுள்ள எபிதீலியச் செல்கள், காயத்தை மூடுவதையே தொழிலாகக் கொண்டவை. நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் வேகத்தில் வேரையொட்டி இறங்கி, மற்றவை வந்து சேருமுன்பே இடத்தைப் பிடித்துவிடுகின்றன. பின்பு ஹெமிடெஸ்மோசோம் எனப்படும் நுண்ணிய பிடிப்புகளால் பல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. கம்பி முன்போல் ஆழமாக இறங்காது. ஆனால் நாரும் வளரவில்லை, எலும்பும் மீளவில்லை. 4 முதல் 6 மில்லிமீட்டர் ஆழமுள்ள பள்ளம் சராசரியாக 1 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகக் குறைகிறது என்றால், அதில் பாதிக்கு மேல் ஈறு வற்றியதால் வந்தது. எஞ்சியதே இந்தப் புதிய ஒட்டு.

வேர்ப்பரப்பில் எந்தச் செல் முதலில் குடியேறுகிறதோ அதுவே ஆறும் விதத்தைத் தீர்மானிக்கிறது என்ற கருத்தை 1976-இல் பல் ஆய்வாளர் மெல்ச்சர் முன்வைத்தார். ஸ்வீடனில் ஸ்டூரே நைமனும் அவருடைய சகாக்களும் 1982-இல் அதை மனிதப் பல்லொன்றில் சோதித்தார்கள். கீழ்த்தாடையின் முன்பல் ஒன்றில் ஈற்றைத் திறந்து வேரைச் சுத்தம் செய்து, ஈற்றுக்கும் வேருக்கும் நடுவே நுண்வடிகட்டித் தாளொன்றைத் தடுப்பாக வைத்துத் தைத்தார்கள். விரைந்து வரும் செல்கள் தாளுக்கு வெளியே நின்றுவிட, உள்ளே மெதுவாக நகரும் நார்த்திசுச் செல்களுக்கு அவகாசம் கிடைத்தது. 3 மாதங்களுக்குப் பின் நுண்ணோக்கியில் பார்த்தபோது, வேரில் புதிய சிமென்டமும் அதில் பதிந்த நார்களும் உருவாகியிருந்தன. எந்த மருந்தும் ஊட்டாமல், வழியை மறித்ததால் மட்டுமே கிடைத்த விளைவு அது. இன்று இதற்குத் தானே கரையும் கொலாஜன் சவ்வுகள் பயன்படுகின்றன. எனினும் எலும்பில் குறுகலாகவும் ஆழமாகவும் விழுந்த பள்ளங்களிலேயே இது நன்கு பலிக்கிறது. வரிசை முழுவதும் சமமாகத் தாழ்ந்துவிட்ட எலும்பை இது உயர்த்தாது. பிடுங்கிய இடத்தில் செயற்கைப் பல் பொருத்துவதற்குக் கிடைக்கும் விளம்பரத்தில் ஒரு பங்காவது, இருக்கும் பல்லைக் காக்கும் இத்தகைய ஆய்வுகளுக்கு நிதியாகக் கிடைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ஆகவே வாசகர் எதிர்பார்க்க வேண்டியவை இவை: வெளியே தெரியும் வேரில் சில வாரங்களுக்குக் கூச்சம் இருக்கும், குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினி நீரால் வாய் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை படியலாம், ஆடிய பற்கள், அழற்சி அடங்கியதும், ஓரளவு இறுகக்கூடும், புகைப்பவர்களுக்குப் பலன் குறைவாகவே கிடைக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இச்சிகிச்சையால் சர்க்கரைக் கட்டுப்பாடும் சற்று மேம்படுவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. 6 முதல் 8 வாரங்களில் மருத்துவர் மீண்டும் அளந்து, ஆழமும் கசிவும் தொடரும் இடங்களில் மட்டும் அறுவை தேவையா என்று முடிவெடுப்பார். பாக்டீரியாக்கள் சில மாதங்களில் பள்ளங்களுக்குத் திரும்பிவிடுவதால், அதன் பிறகு பெரும்பாலும் 3 மாதங்களுக்கு ஒருமுறை பராமரிப்புச் சுத்தம் செய்துகொள்ளும்படி சொல்வார்கள்.