ரோப் அக்சஸ்: கயிற்றுவழிப் பணி

உயரத்திலோ ஆழத்திலோ இருக்கும் வேலையிடத்தைக் கயிற்றின் துணையோடு சென்றடையும் முறைக்கு 'ரோப் அக்சஸ்' என்று பெயர். மணலி, எண்ணூர் வட்டாரத்து ஆலைகளில் புகைபோக்கி, கொதிகலன், சேமிப்புத் தொட்டி போன்றவற்றை ஆய்வு செய்ய இது உதவுகிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிச் சுவர்களைத் துடைப்பவர்கள் கையாள்வதும் இதன் ஒரு வகைதான். சாரம் கட்டிப் பிரிக்கவே பல நாள் பிடிக்கும் இடத்தில், கயிறு கட்டிய குழு அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடும்.

மேலே சொன்ன விளக்கத்தில் 'சென்றடையும்' என்பதுதான் உயிர்ச்சொல். தொங்குவது இங்கே வேலையன்று. ஆய்வாளர் கடற்காற்று அரித்த எஃகுத் தகட்டில் கூழ் தடவி, மீயொலிக் கருவியின் முனையை அதன்மேல் வைத்து, தகடு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அளக்கிறாரே, அது வேலை. பற்றவைத்த இணைப்பில் சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, மேலே வெள்ளைப் பூச்சிட்டு, விரிசல் சிவப்புக் கோடாகக் கசிகிறதா என்று பார்ப்பதும் வேலை. கயிறு அந்த இடத்துக்குப் போகும் வழி மட்டுமே. 'கயிற்றில் தொங்கும் தொழிலாளி' என்று எழுதும்போது அவர் கற்ற ஆய்வுக்கலை முழுவதும் மறைந்துபோகிறது. அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

குகை ஆய்வாளர்களும் மலையேறிகளும் வளர்த்த கயிற்று நுட்பம், வடகடல் எண்ணெய் மேடைகளின் பராமரிப்புக்கு வந்த பிறகே தனித் தொழிலானது. 1980களின் பிற்பகுதியில் பிரிட்டனில் தோன்றிய, கயிற்றுவழிப் பணி நிறுவனங்களின் சங்கமான ஐராட்டா (IRATA) அதற்கு நெறிமுறை வகுத்தது. அதன் பயிற்சியில் மூன்று நிலைகள் உண்டு. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குச் செல்லக் குறைந்தது ஓராண்டும் 1,000 மணி நேரக் கயிற்று வேலையும் வேண்டும். சான்றிதழ் 3 ஆண்டுகளே செல்லும். மூன்றாம் நிலையை எட்டியவரே மேற்பார்வைக்கும் மீட்புக்கும் பொறுப்பேற்கலாம். இத்தொழிலின் அடிப்படை விதி இரண்டு கயிறு. ஒன்று உடலைத் தாங்கும், மற்றொன்று காவலுக்கு. இரண்டையும் தனித்தனிப் பிடிப்புகளில் கட்ட வேண்டும்.

இந்த 'ரோப் அக்சஸ்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'அக்சஸ்' லத்தீன் வழி வந்த சொல். 'ஒன்றை நோக்கிச் செல்லுதல்' என்பது வேர்ப்பொருள். தமிழில் 'அணுகு' அதற்கு நெருக்கமானது என்பதால் 'கயிறு அணுகல்' என்று மொழிபெயர்க்கத் தோன்றும். ஆனால் அதைப் படிப்பவருக்குக் கயிறு அணுகுகிறதா, கயிற்றை யாரோ அணுகுகிறாரா என்று குழப்பம் வரும். 'அணுகல்' இப்போது கணினித் துறைக்கும் போய்விட்டது.

'வடம்' என்று சொல்லலாமே என்பார்கள். மயிலாப்பூரில் தேர் இழுப்பது வடம். ஊரே சேர்ந்து பிடிக்கும் பருமன் அதற்கு உண்டு. ஆய்வாளர் இறங்குவது ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் தடிமனுள்ள கயிற்றில். மின்கம்பிக்கும் வடம் என்று பெயர் இருப்பதால் ஆலைக்குள் அது ஆபத்தான மயக்கம் தரும். 'கயிற்றுப்பாதை' என்றாலோ பழனி மலை ரோப் கார்தான் நினைவுக்கு வரும்.

ஆகவே நான் 'கயிற்றுவழி' என்பதையே ஏற்கிறேன். இதில் 'வழி' இருமுறை வேலை செய்கிறது: செல்லும் தடம் என்றும் பொருள்படும், 'கயிற்றின் வழியாக' என்றும் பொருள்படும். கயிற்றுவழிப் பணி, கயிற்றுவழி ஆய்வு, கயிற்றுவழித் தொழில்நுட்பர் என்று இயல்பாகக் கிளைக்கிறது. உயரமான இடத்துக்கு ஏற வைத்த சாதனத்தையே வழியாகப் பார்ப்பது தமிழுக்குப் புதிதும் அன்று. மலைபடுகடாம், தேன் எடுக்க மலைச்சரிவில் நாட்டிய கண்ணேணியை 'மால்பு நெறியாக' என்கிறது. மால்பு என்பது கணுவில் கால்வைத்து ஏறும் மூங்கில். நெறி என்றால் வழி. நீலகிரியில் குறும்பர்கள் காட்டுக்கொடி ஏணியில் பாறை விளிம்பிலிருந்து இறங்கித் தேன் எடுப்பதையும் இந்த வரிசையில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். 'மால்பு' என்ற சொல்லையே மீட்கலாமா என்றால், கூடாது என்பேன். அது ஏணி, கயிறு அன்று.

கருவிகளின் பெயர்களையும் இதே கவனத்தோடு அமைக்கலாம். உடலில் பூட்டும் 'ஹார்னஸ்' என்பதைச் சேணம் என்று எழுதுகிறார்கள். சேணம் குதிரைக்கு உரியது. மனிதருக்கு 'உடற்கச்சை' போதும். கயிற்றைக் கவ்வி இறக்கும் கருவி இறங்குபிடி, ஏற்றுவது ஏறுபிடி. தாங்கும் கயிறு பணிக்கயிறு, மற்றது காப்புக்கயிறு. கயிற்றைக் கட்டும் பிடிப்பான 'ஆங்கர்' என்பதை நங்கூரம் என்று எழுதவே கூடாது. கப்பலின் நங்கூரம் சேற்றில் இழுபடலாம், இது ஓர் அணுவும் அசையக் கூடாது. 'கட்டுநிலை' என்பதே பொருந்தும். கருவிகளை இணைக்கும் உலோக வளையமான 'கராபினர்' ஜெர்மன் சொல், துப்பாக்கியை மாட்டும் கொக்கியிலிருந்து வந்தது. திறந்த கொக்கியோடு கலந்துவிடாமல் அதைப் 'பூட்டுக்கொக்கி' எனலாம்.

கயிற்றில் இருப்பவர்களுக்கு ஆங்கிலப் பெயர்களே பழக்கம், பயிற்சியும் அப்படித்தான். தமிழ்ப் பெயர் முதலில் தேவைப்படுவது கீழே நடப்பவருக்கு: ஒப்பந்தத் தொழிலாளி, காவலாளி, துப்புரவுப் பணியாளர். மேலிருந்து ஒரு சாவி நழுவினாலும் காயப்படுவது அவர்தான். தடுப்பு நாடாவில் தொங்கும் பலகையை இப்படி எழுதலாம்: 'மேலே கயிற்றுவழிப் பணி நடக்கிறது. கீழே யாரும் நிற்க வேண்டாம். கயிறுகளைத் தொடாதீர்கள்.'