மூக்கிரட்டைச் சாறும் சிறுநீரக நோயாளியும்

பெங்களூரின் அல்சூரிலிருந்து வரும் 65 வயது அம்மா ஒருவரின் இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 6.1 என்றிருந்தது, 5-க்குள் இருக்க வேண்டியது அது. நாள்பட்ட சிறுநீரக நோய் என்பதால் இளநீர், வாழைப்பழம் எல்லாவற்றையும் முன்பே நிறுத்தியிருந்தோம். உணவியலாளராகிய நான், புதிதாக எதையாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். "தினமும் காலையில மூக்கிரட்டைச் சாறு குடிக்கிறேம்மா. கிட்னிக்கு நல்லதுன்னு போன்ல வந்துச்சு" என்றார்.

மழை விழுந்ததும் பெங்களூரின் காலி மனைகளில் தரையோடு படரும் செடி இது. செம்மை படர்ந்த தண்டு, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக எதிரெதிரே நிற்கும் இலைகள், கடுகளவு இளஞ்சிவப்புப் பூக்கள், உடையில் ஒட்டிக்கொள்ளும் காய்கள் ஆகியவை இதன் அடையாளங்கள். சாரணையை இதுவென்று எண்ணிப் பறிப்பவர்களும் உண்டு. சாரணையின் பூ இலைக்கக்கத்தில் காம்பில்லாமல் பதிந்திருக்கும், மூக்கிரட்டையின் பூவோ மெல்லிய காம்பில் நீட்டிக்கொண்டிருக்கும். கோடையில் கருகிப்போனாலும் வேரிலிருந்து மீண்டும் துளிர்ப்பதால் வடமொழியில் இதற்குப் புனர்நவா என்று பெயர்.

சித்த மருத்துவம் இதைச் சிறுநீர் பெருக்கியாகப் பயன்படுத்துவது உண்மை. 'கிட்னிக்கு நல்லது' என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஆனால் சிறுநீரைப் பெருக்குவது வேறு, பழுதான சிறுநீரகத்தைச் சரிசெய்வது வேறு. இக்கீரையில் பொட்டாசியமும், சிறுநீரகக் கல்லுக்கு வழிவகுக்கும் ஆக்சலேட் என்ற உப்பும் கணிசமாக உள்ளன. நலமான சிறுநீரகம் மிகுதியான பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். பழுதானதால் அது இயலாதபோது இரத்தத்தில் தேங்கி, இதயத் துடிப்பின் ஒழுங்கையே குலைத்துவிடும். ஆக்சலேட் கல் உள்ளவர்களுக்கும் இது உகந்ததன்று. டெல்மிசார்டன் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளும் பொட்டாசியத்தை உடலில் தங்கவைப்பவை என்பதால், அவற்றை விழுங்கிவிட்டு இச்சாற்றையும் குடிப்பது இரட்டைச் சுமை.

நம் பாட்டிமார் இதைப் பச்சையாக அரைத்துக் குடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நாலைந்து கீரைகளோடு ஒரு பிடி சேர்த்து, பாசிப்பருப்புப் போட்டு, என்றைக்கோ ஒருநாள் கூட்டாக வைத்தார்கள். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் பொட்டாசியமும் ஆக்சலேட்டும் ஓரளவு நீரோடு போய்விடும். சாறாகக் குடிக்கும்போது அந்த வாய்ப்பே இல்லை.

அந்த அம்மாவை அன்றே மருத்துவரிடம் அனுப்பி இசிஜி எடுக்கச் செய்தோம். சாற்றை நிறுத்தி, மருந்தையும் மாற்றியபின் அடுத்த பரிசோதனையில் அளவு 4.9-க்கு இறங்கியது. மருமகளாவது இந்தக் கீரையைச் சாப்பிடலாமா என்று கேட்டார். நோயொன்றும் இல்லாதவர் என்பதால் தாராளமாகக் கூட்டு வைத்துச் சாப்பிடட்டும் என்றேன், சாக்கடை ஓரத்தில் பறித்ததாக இல்லாதவரை.